தண்ணீர்ப் பசை: பதினான்கு மாதங்களுக்குப் பிறகு

பைக்கும் செருப்புக்கும் தோல் ஒட்ட நான் பயன்படுத்தும் தண்ணீர்ப் பசையைப் பற்றியது இது. குறைகளிலிருந்தே தொடங்குகிறேன். வாங்கலாமா வேண்டாமா என்று தேடி வருகிறவர்களுக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

இந்தப் பசை காய்வதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். முன்பு கடையில் வைத்திருந்த மஞ்சள் பசையைத் தடவினால் பத்து, பதினைந்து நிமிடத்தில் ஒட்டிவிடுவேன். இதற்கு அரை மணி நேரம். மழை பிடித்து, காற்றே ஈரமாக இருக்கும் நாளில் ஒரு மணி நேரமும் ஆகும். தடவும்போது பால்போல வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளை முழுவதும் மறைந்து, அடியில் இருக்கும் தோலின் நிறம் தெளிவாகத் தெரிந்த பிறகுதான் இரண்டு பக்கங்களையும் சேர்க்க வேண்டும். ஓரத்தில் நகக்கண் அளவு வெள்ளை மிச்சமிருந்தாலும் போதும், நாளைக்கு அந்த இடம் வாயைத் திறந்துகொள்ளும். வாடிக்கையாளர் நின்றுகொண்டே "உடனே ஒட்டிக் கொடுங்கள்" என்று கேட்கும் கடைக்கு இது பெரிய தலைவலி.

ரப்பர் சோலில் சுமார்தான். அரத்தால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, தூசியைத் துடைத்து, கொஞ்சம் சூடும் காட்டினால் பிடிக்கிறது. சோம்பல்பட்டால் பிடிக்காது. எண்ணெய் ஏறிய பழைய தோலில் சுத்தமாக நம்ப முடியாது. கடுங்குளிரில் டின் உறைந்துவிட்டால் உள்ளே தயிர் மாதிரி திரிந்துபோகும். பிறகு அதைக் கொட்டத்தான் வேண்டும். மூடியைச் சரியாக மூடாவிட்டால் மேலே ஆடை படியும். பெரிய டின்னாக வாங்காதீர்கள்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு எதற்காக இன்னும் இதையே வாங்குகிறேன் என்று கேட்பீர்கள். அதற்கு என் கடையின் பின்வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பைகளும் செருப்புகளும் பழுது பார்க்கும் தொழிலில் இருபத்திரண்டு வருடங்களாக இருக்கிறேன். எனக்கு முன்னால் அப்பா இதே பலகையில் உட்கார்ந்திருந்தார். கடைக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரு திண்ணையும் கூரை நீட்டமும் உண்டு. கடையை மூடிய பிறகு அங்கே பையன்கள் படுப்பார்கள். சில நாள் நான்கு பேர், சில நாள் எட்டுப் பேர். மூத்தவனுக்குப் பதினாறு இருக்கலாம். சின்னவன் தனக்குப் பதினொன்று என்பான்; பார்த்தால் ஒன்பதுக்கு மேல் சொல்ல முடியாது. வீட்டிலிருந்து ஓடி வந்தவர்கள், வீடே இல்லாதவர்கள், வீடு இருந்தும் அங்கே போக முடியாதவர்கள். அவர்களால் எனக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. காலையில் நான் பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

சின்னவன் ஒரு நாள் முன்வாசலுக்கு வந்தான். "அக்கா, செருப்பு பிய்ந்துவிட்டது. கொஞ்சம் பசை கொடுங்கள், நானே ஒட்டிக்கொள்கிறேன்." தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றை நீட்டினான். பிரஷ்ஷால் கொஞ்சம் வழித்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தான். கொடுத்தேன். மூன்றாவது முறை கொடுக்கும்போதுதான் அவன் காலைப் பார்த்தேன். வெறுங்கால். அவனிடம் செருப்பே இல்லை.

நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை. பசையை மோந்து பார்க்கும் பிள்ளைகளைப் பற்றி எல்லோரையும்போல் எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பசை என் டின்னிலிருந்து போகிறது என்பதை என் மண்டை ஒப்புக்கொள்ள மூன்று மூடிகள் ஆயின. அதன்பிறகு வேறு விஷயங்களும் கண்ணில் பட்டன. நான் வெளியே போடும் காலி டின்களின் உட்பக்கம் அலம்பி வைத்ததுபோல் சுரண்டப்பட்டிருந்தது. காய்ந்துபோன பிரஷ் ஒன்று காணாமல் போயிருந்தது. சின்னவனின் மூக்கின் கீழிருந்து உதட்டு ஓரம் வரை தோல் வறண்டு, வெடித்து, வட்டமாகச் சிவந்திருந்தது. சொறி என்று நினைத்து அதற்கு முன் ஒருமுறை களிம்புகூடக் கொடுத்திருக்கிறேன். அதே வெடிப்பு என் வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் இருக்கிறது. பசையைக் கரைத்து வைத்திருக்கும் திரவம் தோலில் இருக்கும் எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போய்விடும். என் விரலுக்கு நடந்தது அவன் முகத்துக்கு நடந்திருக்கிறது.

பூட்டு போட்டேன். பூட்டிய ஒரு வாரத்தில், பகலில் நான் உள்ளே தையல் இயந்திரத்தில் இருந்தபோது, மூத்தவன் பலகையிலிருந்த டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினான். என்னிடம் வேலை கற்கும் இளைஞன் துரத்திக்கொண்டு தெருமுனை வரை போனான். டின்னை மீட்டு, வீரனைப்போல் திரும்பி வந்தான். அன்று மாலை, வாரம் இரண்டு முறை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இந்தப் பையன்களைப் பார்க்க வரும் செவிலியரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"இனி ஒருநாளும் துரத்தாதீர்கள்" என்றார். பசையின் ஆவி உள்ளே இருக்கும் நேரத்தில் இதயம் அட்ரினலினுக்கு அளவுக்கு மீறி துடித்துப் பதில் சொல்லுமாம். பயமுறுத்தினால், துரத்தினால், சண்டை போட்டால் அட்ரினலின் பாயும். இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே நின்றுவிடலாம். பழகியவனுக்கும் நடக்கும், முதல் முறை முகர்ந்தவனுக்கும் நடக்கும். 1970இல் மில்லர்ட் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இப்படித் திடீரென்று இறந்த 110 இளம் வயதினரைப் பற்றி எழுதினார் என்றும், அவர்களில் சிலர் ஓடிய சற்று நேரத்தில் விழுந்தவர்கள் என்றும் சொன்னார். மயக்கத்தில் இருக்கிற பிள்ளையைக் கண்டால் குரலை உயர்த்தக் கூடாது. காற்றோட்டமான இடத்தில் உட்கார வைக்க வேண்டும். நினைவில்லாமல் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பக்கத்தில் யாரும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் வீரன் அன்று இரவு சாப்பிடவில்லை.

அவரிடமிருந்துதான் மற்றவற்றையும் தெரிந்துகொண்டேன். மஞ்சள் பசையைக் கரைத்து வைத்திருக்கும் திரவமான டொலுயீன் நுரையீரல் வழியாகச் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். மயக்கம் சீக்கிரமே தெளிந்துவிடுவதால் திரும்பத் திரும்ப முகர்கிறார்கள். வருடக் கணக்கில் போனால் மூளையின் வெண்பகுதி கரைகிறது. நடை தள்ளாடும், பேச்சு குழறும், காது மந்தமாகும். சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்க முடியாமல் வெளியே விட்டுவிட, ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவே முடியாதபடி கால்கள் சோர்ந்துபோகும். வழக்கமான போதைப் பரிசோதனையில் இது அகப்படாது. இந்தப் பழக்கத்தை விடுவிக்க என்று தனியாக ஒரு மருந்தும் இல்லை. விட்ட பிறகு முதல் சில வாரங்கள் தூக்கம் வராது, எரிந்து விழுவார்கள், வியர்த்துக் கொட்டும். அந்த வாரங்களைக் கடக்கப் பாதுகாப்பான ஓர் இடமும் வேளாவேளைக்குச் சாப்பாடும் கூட ஓர் ஆளும் வேண்டும். திண்ணையில் இந்த மூன்றில் எது இருக்கிறது?

மூத்தவனிடம் ஒரு நாள் நேராகவே கேட்டேன், ஏன் என்று. பதில் தயாராக வைத்திருந்தவன்போல் சொன்னான். "பசிக்காது அக்கா. குளிராது. ராத்திரி யாராவது வந்து மிதித்தாலும் அவ்வளவாகத் தெரியாது."

அதற்குமேல் நான் கேட்கவில்லை.

பசையை மாற்றுவது என்று முடிவெடுத்தேன். முதலில் கிடைத்த யோசனை, பசையில் கடுகு எண்ணெய்ச் சத்தைக் கலப்பது. தாளிக்கும் எண்ணெய் இல்லை. கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறுகிறதே, அந்தக் காரம். 1969இலேயே அமெரிக்காவில் டெஸ்டர் நிறுவனம் பொம்மை விமானம் ஒட்டும் தன் பசையில் இதைச் சேர்த்தது. பசை முகர்வதனாலேயே தெருப்பிள்ளைகளுக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்ட ஹோண்டுராஸில், பசையில் இதைச் சேர்க்கச் சொல்லி 1989இல் சட்டமே போட்டார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அந்த டின்னுக்கு மேலே தலையைக் கவிழ்த்து உட்காரப்போவது நான். கண்ணீர் வழிய வழியத் தைக்க முடியாது.

இரண்டாவதாக, பசை விற்பனையாளர் ஒருவர் "டொலுயீன் இல்லாதது" என்று பெரிய எழுத்தில் போட்ட டின் ஒன்றைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் விஷயத்தைச் சொன்னேன். "அதற்காகத்தானே இது" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளைப் படித்தேன். ஹெக்சேன். டொலுயீன் போலவே பசையைக் கரைத்து வைக்கும் இன்னொரு கரைப்பான். இங்கே தொழில்காரர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரு கரைப்பானை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டால் போதை போய்விடாது. அதோடு, ஹெக்சேன் நம்மையே குறிவைக்கும். 1960களில் ஜப்பானில் வீட்டுக்குள் உட்கார்ந்து செருப்பு ஒட்டியவர்களுக்குக் கால் மரத்துப்போய், பாதம் தொங்கி, நடக்க முடியாமல் போனது. காரணம் பசையிலிருந்த ஹெக்சேன் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். சன்னல் அடைத்த சின்ன அறை, நாள் முழுக்க வேலை: நம் கதைதானே அது? அப்பாவுக்குக் கடைசி வருடங்களில் பாதம் எரிந்துகொண்டே இருந்தது. சர்க்கரை என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். சர்க்கரையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்த டின்னைத் திருப்பிக் கொடுக்கும்போது என் கை நடுங்கியது.

மூன்றாவதாக வந்ததுதான் இந்தத் தண்ணீர்ப் பசை. மஞ்சள் பசையில் இருக்கும் அதே பாலிகுளோரோப்ரீன் ரப்பர்தான் இதிலும். அங்கே கரைப்பானில் கரைந்திருக்கிறது, இங்கே தண்ணீரில் பால்போல் மிதக்கிறது, அவ்வளவுதான். கெட்டிப் பொருள் அதிகம் என்பதால் மெல்லிசாக ஒரு பூச்சு போதும். அதை நம்பாமல் ஆரம்பத்தில் பழைய பழக்கத்தில் அப்பினேன், காயவே இல்லை. மூன்று கைப்பைகள் வீணாயின. குற்றம் என்னுடையது.

தோலுக்கும் தோலுக்கும் இடையே இதன் பிடி அருமை. கைப்பையின் உள்துணி ஒட்ட, பெல்ட்டின் இரண்டு அடுக்குகளைச் சேர்க்க, உள்சோல் பதிக்க இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. மஞ்சள் பசை மெல்லிய துணியில் ஊறி மறுபக்கம் கறையாகத் தெரியும், இது ஊறுவதில்லை. பிரஷ்ஷை ஈரம் காய்வதற்குள் தண்ணீரில் அலசிவிட்டால் போதும், தின்னர் வேண்டாம். தின்னர் பாட்டிலும் கடையை விட்டுப் போனது கூடுதல் லாபம். தீப்பற்றும் பயம் இல்லை. மெல்லிய அமோனியா வாடை இருக்கிறது, திறந்தவுடன் மட்டும்.

என் தலைவலியைப் பற்றி ஒரு வார்த்தை. இருபத்திரண்டு வருடங்களாகப் பிற்பகல் மூன்று மணிக்குத் தலை கனக்கும். ஒற்றைத் தலைவலி, கண்ணாடி பவர், வயது என்று ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் வைத்திருந்தேன். தண்ணீர்ப் பசைக்கு மாறிய மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை, மணி ஐந்தாகியும் தலை கனக்கவில்லை என்பதைத் திடீரென்று கவனித்தேன். அப்படியானால் நானும் இத்தனை வருடங்கள் கொஞ்சம் கொஞ்சமாக முகர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறேன். பிள்ளைகளைத் திட்டியபோது என் குரலில் இருந்த அதிகாரத்தை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

சரி, பையன்கள்? அதையும் உள்ளபடியே சொல்கிறேன். டின்னை மாற்றிய இரண்டாம் நாள் சின்னவன் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தான். முகத்தைச் சுளித்தான். "என்ன அக்கா இது, கெட்டுப்போன பாலா?" மற்றவர்களுக்கும் செய்தி போயிற்று. என் காலி டின்களை இப்போது யாரும் தொடுவதில்லை. அதனால் அவர்கள் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தால் நம்மைப் போன்ற அசடு யாரும் இல்லை. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் இருக்கிறது, தின்னர் இருக்கிறது, எழுத்தை அழிக்கும் ஒயிட்னர் இருக்கிறது. இந்தியாவில் 2012இல் பாட்டிலில் வரும் ஒயிட்னரையும் அதன் தின்னரையும் சில்லறையில் விற்கத் தடை போட்டு, பேனா வடிவில் வருவதை மட்டும் விட்டுவைத்தார்கள். ஒவ்வொரு ஓட்டையாக அடைக்கிறோம். பிள்ளைகள் அடுத்த ஓட்டையைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இதை நான் அலுப்போடு சொன்னபோது செவிலியர் மறுத்தார். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் பழங்குடிக் கிராமங்களில் பிள்ளைகள் பெட்ரோலை முகர்ந்து சீரழிந்தபோது, 2005 முதல் முகர்ந்தாலும் போதை தராத ஓபல் என்ற பெட்ரோலைக் கொண்டுவந்தார்களாம். அது போய்ச் சேர்ந்த ஊர்களில் முகர்வது வெகுவாகக் குறைந்தது. கையெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் எல்லோரும் தேடிப் போவதில்லை. குறிப்பாக, இன்னும் தொடங்காத சின்னப் பிள்ளைகள். "உங்கள் கடை அவர்களுக்குக் கையெட்டும் தூரம்" என்றார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று இன்னும் தெரியவில்லை.

நான் எதிர்பார்க்காத மாற்றம் ஒன்று நடந்தது. மஞ்சள் பசை இருந்தவரை பையன்களைக் கடைக்குள் விட முடியாது. டின்னைப் பூட்ட வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், ஒரு கண் எப்போதும் வாசலில் இருக்க வேண்டும். இப்போது டின் பலகையின்மேல் திறந்தே கிடக்கிறது. கதவும் திறந்தே கிடக்கிறது. மழை நாள் ஒன்றில் சின்னவன் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து வருகிறான். அவனிடம் வேலை வாங்குவதில்லை. செவிலியரும் அதில் கண்டிப்பு. ஆனால் ஒரு பொறுப்பை அவனே எடுத்துக்கொண்டான். பசை தடவிய துண்டுகளைச் சன்னலோரம் வரிசையாக வைத்துவிட்டு நான் வேறு வேலை பார்ப்பேன். அவன் தாடையைக் கையில் ஊன்றி அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பான். நடுவில் முதலில் தெளியும், ஓரம் கடைசியில். எந்தத் துண்டில் எந்த மூலை இன்னும் பால் நிறத்தில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். "இது ஆகிவிட்டது அக்கா. அதைத் தொடாதீர்கள், மூலையில் இன்னும் இருக்கிறது." என் கண்ணாடிக்குத் தெரியாத வெள்ளை அவன் கண்ணுக்குத் தெரிகிறது. அவன் பார்த்துச் சொன்ன துண்டு ஒன்றுகூட இதுவரை பிளந்து திரும்பி வரவில்லை.

அந்த அரை மணி நேரத்தில் பேசுவான். சில நாள் பேச மாட்டான். சில நாள் மூக்கின் கீழே சிவந்திருக்கும், கண் நிலைகொள்ளாது. அன்றைக்கு முக்காலியைக் காற்று வரும் வாசல் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டு நான் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருப்பேன். அந்தச் சிவப்பு மாதத்தில் எத்தனை நாள் என்று காலண்டரில் புள்ளி வைக்கிறேன். அவனுக்கு இது தெரியாது. போன மாதம் ஒன்பது புள்ளி. அதற்கு முந்தைய மாதம் பதினான்கு. அதற்கும் முந்தைய மாதம் எட்டு.

மூத்தவன் இரண்டு மாதமாகத் திண்ணைக்கு வரவில்லை. கால்கள் வலுவிழந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள் என்று ஒருவன் சொல்கிறான், வேறு ஊருக்குப் போய்விட்டான் என்று இன்னொருவன் சொல்கிறான். செவிலியர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

பசைக்கு வருகிறேன். மதிப்பெண் கேட்டால் தோல் வேலைக்கு ஐந்துக்கு நாலரை, ரப்பர் சோலுக்கு இரண்டரை. அவசர வேலை அதிகம் வருகிற கடையென்றால் சூடு காட்டும் சாதனம் ஒன்றும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளைப் படியுங்கள். டொலுயீன், ஹெக்சேன் இரண்டுமே இருக்கக் கூடாது. ஈரத்தில் நடக்கிறவர்களின் செருப்புக்கு இதை மட்டும் நம்பாதீர்கள். போன வாரம் சின்னவன் எங்கிருந்தோ ஒரு ஜோடிச் செருப்போடு வந்தான். இடதுகால் சோல் பாதி வாய் பிளந்திருந்தது. அவனே பார்த்து, வெள்ளை முழுக்கப் போகும்வரை காத்திருந்து, ஒட்டினோம். மூன்றாம் நாள் மழையில் பிரிந்துவிட்டது. நேற்று அதற்கு மெழுகு நூல் கோத்து, சுற்றிலும் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன்.